ஓட்டன் கழுத்துத் தழும்பு

மட்டாஞ்சேரியில் சுக்குக் கிடங்குகளுக்குப் பின்னால் உள்ள தமிழர் தெருவில், கொரோனாவுக்குப் பிறகு, ஒருவனின் அப்பனை இழுத்துத் திட்டினால் அந்த அப்பன் வந்து விழுந்தார். செத்துப் போனவரானாலும் வருவார். திட்டில் சொன்ன அடி உடம்பில் அப்படியே பட்டிருக்கும். சாயங்காலத்துக்குள் ஆள் மறைந்துவிடும், ரத்தம் மட்டும் கிடக்கும். அதைக் கழுவ எல்லா வீட்டிலும் தனியாக ஒரு வாளி வைத்துக்கொண்டார்கள்.

பங்காளிச் சண்டை என்றால் அப்பனோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று தெருவில் பேசி வைத்திருந்தார்கள். அதற்கு மேலே ஏறினால் வருகிறவர் இரண்டு பேருக்கும் பாட்டன். அது போக, சொல் மேலே ஏற ஏற வருகிறவரின் வயது குறைந்தது. பாட்டன் நரைத்த தலையோடு வந்தால் பூட்டன் கறுத்த மீசையோடு வந்தார்.

இசக்கிமுத்துவும் அவன் சித்தப்பா மகன் மாரிச்செல்வமும் அந்தப் பேச்சை மறந்தது ஒரு கிடாய்த் தலைக்காக. சுடலைமாடன் கோயில் கொடையில் வெட்டிய கிடாயின் தலை மூத்த வழிக்குப் போக வேண்டும். இசக்கிமுத்துவின் அப்பா வயதில் மூத்தவர், ஆனால் இளைய தாரத்துப் பிள்ளை. மாரிச்செல்வத்தின் அப்பா மூத்த தாரத்துப் பிள்ளை. தலையின் ஒரு கொம்பு இவன் கையில், மறு கொம்பு அவன் கையில்.

“விடுல. ஒங்கப்பன் பல்லத் தட்டிருவேன்.”

“ஒங்கப்பன் மண்டையப் பொளந்திருவேன், பாத்துக்க.”

ஒரு அப்பன் குழாயடியில் பற்களைத் துப்பிக்கொண்டு உருண்டார். இன்னொருவர் மண்டை பிளந்து சாக்கடையில் விழுந்தார். கொம்புகளை இருவரும் விடவில்லை, திட்டு பாட்டனுக்கு ஏறியது. பாட்டன் முறிந்த கையோடு வந்து, “எவம்ல என்னயச் சொன்னது?” என்று கேட்டபோது இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கை காட்டினார்கள். பூட்டன் குடலைக் கையில் ஏந்திக்கொண்டு வந்து அவர் மேலேயே விழுந்தார். சாயாக்கடை ராசப்பன் சேட்டன், “மதியெடா! போலீஸ் வந்நா ஞான் எந்து பறயும்?” என்று, போதும் நிறுத்துங்கடா என மலையாளத்தில் கத்தினார்.

“ஒன் ஓட்டன் கழுத்த...” என்று தொடங்கினான் இசக்கிமுத்து.

உடனே பூட்டனைப் பெற்ற ஓட்டன் வந்து நின்றார். மிளகு மூட்டை சுமக்க இந்தக் குடும்பத்தில் முதலில் கொச்சிக்கு வந்தவர் அவர்தான். இன்னும் கல்யாணம் ஆகாத வயது. கழுத்தில் ரத்தக் கோடு ஓடத் தொடங்கியிருந்தது. வாசலில் நின்ற இசக்கிமுத்துவின் மகள் ரோஜா, “அம்மா, என் வெரலு!” என்று அலறினாள். அவளுக்கு விரல்கள் ஒவ்வொன்றாக இல்லாமல் போய்க்கொண்டிருந்தன.

அவள் அம்மா மாடத்தி, மூட்டை இழுக்கும் இரும்புக் கொக்கியை எடுத்துப் புருஷனின் வாயில் ஓங்கி அடித்தாள். முன்பற்களும் மீதிச் சொல்லும் ஒன்றாகத் தரையில் விழுந்தன. மாரிச்செல்வம் தலையை விட்டுவிட்டு ஓடினான். ஓட்டனின் கழுத்தில் கோடு பாதியில் நின்றது.

“மாமா, உள்ள வாங்க,” என்றாள் மாடத்தி. புகுந்த வீட்டு ஆண்களில் மூத்தவரை அவள் வேறெப்படிக் கூப்பிடுவாள்? சாயா போட்டுக் கொடுத்து, கழுத்தில் துணி சுற்றினாள்.

“இது யாரு?” என்று ரோஜாவைக் காட்டிக் கேட்டார் ஓட்டன்.

“ஒங்க பிள்ளதான். நீங்க ஊருக்குப் போயிக் கல்யாணம் பண்ணுனாத்தான் இவளுக்குக் கை.”

“பொண்ணு எப்படி இருப்பா?”

“வாயாடின்னு கேள்வி.”

ஓட்டன் யோசித்தார். இங்கே சாயா நன்றாக இருந்தது. பிறகு ரோஜாவின் மொட்டைக் கையை ஒருமுறை தடவிவிட்டு, படகுத் துறைப் பக்கம் நடந்தார். விளக்கு வைக்கும் நேரத்தில் விரல்கள் திரும்பி வந்தன.

கிடாய்த் தலையை நாய் கொண்டுபோயிருந்தது. இசக்கிமுத்து இப்போது கஞ்சிதான் குடிக்கிறான். திட்ட வேண்டியிருந்தால் நாய், பன்றி என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறான், அதுவும் காற்றாகத்தான் வருகிறது. அந்த இரண்டு வீட்டிலும் பெரியவர் சிறியவர் எல்லோர் கழுத்திலும் பாதித் தழும்பு ஒன்று இருக்கிறது. பிறக்கிற குழந்தைக்கும் இருக்கிறது. மருத்துவமனையில் கேட்டால், எங்க ஓட்டனுக்குப் பட்டது என்று சொல்லி, அதன் மேலேயே கறுப்புக் கயிற்றைக் கட்டிவிடுகிறார்கள்.