சவ ஊர்வலத்தில் ஒரு கல்யாண வால்ஸ்

இப்போதெல்லாம் யாருக்கும் யாரிடமும் 'நீங்கள்' என்ற சொல் வாயில் வருவதில்லை. காலையில் அறிமுகமானவன் மதியச் சாப்பாட்டுக்குள் தோளில் கைபோட்டு 'நீ, நான்' என்கிறான். பாரிசில் மாணவர்கள் தெருக்கல்லைப் பெயர்த்துப் போலீஸ் மேல் எறிந்தார்களே, அந்த வருஷத்தில் ஆரம்பித்த கூத்து இது. கல்லோடு மரியாதையையும் சேர்த்துப் பெயர்த்தார்கள். கல்லைத் திரும்பப் பதித்தாகிவிட்டது, மற்றதைப் பதிக்க ஆளில்லை என்பான் சினிமாவுக்கு இசையமைக்கும் லெயோன்ஸ் பர்பெசா. முன்பெல்லாம் படம் எடுக்கிறவர்கள் டை கட்டிக்கொண்டு வந்து, தங்களுக்கு என்ன வேண்டுமென்று தெரியவில்லை என்பதை இரண்டு வரியில் சொல்லிவிட்டுப் போவார்கள். இப்போது தாடியும் செருப்புமாக வந்து அதையே ஒரு மணி நேரம் விளக்குகிறார்கள்.

அன்றைக்குப் பியான்கூர் ஒலிப்பதிவுக் கூடத்தில் ரெமி கஸ்தாஞோல் அப்படித்தான் விளக்கிக்கொண்டிருந்தான். ரெமிக்கு முப்பது வயது. இது அவனுடைய இரண்டாவது படம். லெயோன்ஸுக்கு எழுபத்தொன்று. எத்தனையாவது படம் என்று அவனுக்கே தெரியாது.

"லெயோன்ஸ், நீ தப்பா எடுத்துக்காத. உன் பாட்டு அழகா இருக்கு. அழகா இருக்கறதுதான் பிரச்சனை."

"அப்போ அசிங்கமா போடணுங்கறீங்களா, தம்பி?"

"அசிங்கம் இல்ல. ஒரு தூரம் வேணும். படத்துக்கும் இசைக்கும் நடுவுல ஒரு தூரம்."

"நான் வேணா அடுத்த தெருவுல நின்னு வாசிக்கட்டுமா?"

முதல் வயலின்காரன் கஸ்பார் சிரிப்பை இருமலாக மாற்றினான். முப்பது வருஷமாக லெயோன்ஸின் கைக்குக் கீழே வாசிக்கிறவன், அந்த இருமல் அவனுக்கு நல்ல பழக்கம். ரெமி மட்டும் சிரிக்கவில்லை. தலைமுடியைக் கோதிக்கொண்டு கண்ணாடி அறைக்குள் போனான்.

லெயோன்ஸ் விளையாட்டாகப் பேசினாலும் அன்றைக்கு அவன் பிழைப்பே ஊசலில் இருந்தது. தயாரிப்பாளர் மதாம் வோக்லேன் காலையிலேயே அவனை நடைபாதையில் நிறுத்திவிட்டாள். விரலில் சிகரெட், காலில் குதி உயர்ந்த செருப்பு, பேச்சில் சுற்றி வளைப்பே கிடையாது.

"முசியே பர்பெசா, நேராச் சொல்லிடறேன். இன்னிக்கு ரெமிக்குப் புடிக்கலன்னா உங்க இசையைத் தூக்கிடுவோம். மெஷின் வச்சிருக்கற பையன் ஒருத்தன் தயாரா இருக்கான்."

"மெஷினா? காப்பி போடற மெஷினா?"

"இசை போடற மெஷின்."

"காப்பின்னா சூடாவாவது வரும்."

"தமாஷ் போதும். போன தடவையும் உங்களத் தூக்கினாங்க. அதுக்கு முந்தின தடவையும். எனக்குத் தெரியும்."

பாரிஸ் முழுக்கத் தெரியும். எழுதி, வாசித்து, பதிவுசெய்து கொடுத்த இசையை இரண்டு படங்களில் ஒரு வார்த்தை சொல்லாமல் எடுத்துவிட்டு வேறு ஆளைப் போட்டார்கள். பிரெஞ்சுச் சட்டப்படி இசையமைப்பாளனும் டைரக்டர் மாதிரியே படத்துக்கு ஓர் ஆசிரியன்தான். படம் எடுக்கிறவன் எவன் சட்டம் படிக்கிறான்? இரண்டு தடவை என்றால் கெட்ட நேரம் என்று சொல்லிக்கொள்ளலாம். மூன்றாவது தடவையும் நடந்தால் அதற்கப்புறம் டெலிபோன் மணி அடிக்காது. இந்தத் தொழிலில் யாரும் யாரையும் வெளியே போ என்று சொல்வதில்லை. கூப்பிடுவதை நிறுத்திக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

லெயோன்ஸ் இந்தத் தொழிலுக்கு வாசல் வழியாக வந்தவனல்ல. வடக்கே ரூபே ஊரில் அப்பனுக்குக் கம்பளி ஆலையில் வேலை. பன்னிரண்டு வயதில் பள்ளிக்கூடம் போதும் என்று அப்பன் சொல்ல, பள்ளிக்கூடமும் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டது. சாராயக்கடையில் அக்கார்டியன் வாசித்தான். பிறகு ஊமைப்படக் கொட்டகையில் பியானோ. அங்கே ரீல்கள் முன்னும் பின்னுமாக வந்து சேரும். திருடன் தூக்கில் தொங்கியபிறகு திருடப் போவான். எது வந்தாலும் விரல் நிற்கக் கூடாது. நின்றால் ஆலைக்காரர்கள் ஆரஞ்சுத் தோலை எறிவார்கள். படம் பேச ஆரம்பித்ததும் கொட்டகைக்காரன் பியானோவை விற்றான், லெயோன்ஸ் பாரிசுக்கு ரயிலேறினான். சங்கீதக் கல்லூரிக்காரர்கள் அவனை 'சீட்டியடிக்கிறவன்' என்றார்கள். உண்மைதான், ஆரம்பத்தில் அவன் சீட்டியடிக்க வேறொருவர் எழுதிக்கொண்டார். அந்தச் சீட்டிகளைத்தான் இந்த நாட்டுப் பெண்கள் துணி காயப்போடும்போது இன்றும் முணுமுணுக்கிறார்கள். அது யாருடையது என்று கேட்டால் ஒருத்திக்கும் தெரியாது.

ரெமியின் படம் கால்வாய்ப் படகுக்காரர்களைப் பற்றியது. ஒருத்தி படகுக்காரனைக் கட்டிக்கொள்கிறாள், படகின் மேல்தளத்தில் கல்யாண ஆட்டம். அப்புறம் அவன் மூழ்கிச் சாகிறான், அவள் கரையோரமாகச் சவப்பெட்டியின் பின்னால் நடக்கிறாள். கல்யாணத்துக்கு லெயோன்ஸ் ஒரு வால்ஸ், ஜோடிகள் சுழன்றாடும் பாட்டு, எழுதியிருந்தான். அக்கார்டியன் முன்னால் போகும், வயலின்கள் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடும். ரெமியின் மனசு மாட்டினால் அதில்தான் மாட்ட வேண்டும், இல்லையென்றால் எதிலும் இல்லை என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

"அஞ்சாவது ரீல் போடு, அனிசே!" என்று மைக்கில் சொன்னான், கல்யாணம் அந்த ரீலில்தான். ஆபரேட்டர் அனிசே மேலே இருந்து கையைக் காட்டினான். விளக்கு அணைந்தது. வாசல் மேல் சிவப்பு விளக்கு எரிந்தது.

கூடத்தில் திரை லெயோன்ஸுக்கு எதிரே இருந்தது. வாத்தியக்காரர்கள் திரைக்கு முதுகைக் காட்டி, அவன் முகத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். ஃபிலிமில் கீறிவிட்ட வெள்ளைக்கோடு ஒன்று திரையில் இடமிருந்து வலமாக நகரும். அது ஓரத்தைத் தொட்டதும் கை இறங்க வேண்டும். கோடு வந்தது. கை இறங்கியது. அக்கார்டியன் புறப்பட்டது.

திரையில் மேல்தளமும் இல்லை, மேசையும் இல்லை. கறுப்புக் கோட்டுகள். சவப்பெட்டி.

மனசுக்குள் பழைய ரூபே கொட்டகைக்காரனையும் அனிசேயையும் சேர்த்து வைதான். ஆனால் கை நிற்கவில்லை. ஊமைப்படக் கொட்டகையில் பழகிய கை. அந்தப் பெண் கரையோரச் சேற்றில் நடந்துவந்தாள். கல்யாண வேகத்தில் அவள் பின்னால் வால்ஸ் ஓடுவதைப் பார்க்க லெயோன்ஸுக்கு உடம்பு கூசியது. கை தானாகக் கனத்தது. அக்கார்டியன்காரன் புரியாமல் புருவத்தைத் தூக்கினான், இருந்தாலும் கையோடு வந்தான். வயலின்கள் வந்தன. துள்ளிக்கொண்டிருந்த பாட்டு ஈரத்துணி மாதிரி இழுத்து நடந்தது. கஸ்பாருக்குத் திரை தெரியாது, லெயோன்ஸின் முகம் மட்டும் தெரிந்தது. அதைப் பார்த்துவிட்டு, கிழவனுக்கு மாரடைப்பு என்றே முடிவுகட்டினான். ஆனாலும் வயலினை விட்டு வில்லை எடுக்கவில்லை.

ஓரிடத்தில் அவள் கால் இடறியது. கை அந்தரத்தில் நின்றது. அத்தனை வாத்தியமும் மூச்சைப் பிடித்துக்கொண்டன. அவள் அடுத்த அடி வைத்ததும் பாட்டும் வைத்தது.

ரீல் ஓடி முடிந்தது. சிவப்பு விளக்கு அணைந்தது. லெயோன்ஸ் மேலே பார்த்துக் கத்தினான்.

"அனிசே! தூங்கறியா மேல? கல்யாணம் எங்கடா?"

"நீங்க கேட்டது அஞ்சு, நான் போட்டது அஞ்சு! டப்பாவுல அஞ்சுன்னுதான் ஒட்டியிருக்கு, வந்து பாருங்க!"

கண்ணாடி அறைக் கதவு படாரென்று திறந்தது. ரெமி ஓடிவந்தான். ஒரு செருப்பு வழியிலேயே கழன்று கிடந்தது.

"நேத்து நான்தான் வரிசைய மாத்தினேன். சாவை முன்னால கொண்டுவந்துட்டேன், கல்யாணம் அவ ஞாபகத்துல பின்னால வருது. யார்கிட்டயும் சொல்லவே இல்ல. லெயோன்ஸ், உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது. ரீல் தப்பு. இன்னொரு தடவை எடுப்போம்."

"தொடாத! அதைத் தொட்டா உன் கையை வெட்டிடுவேன்!" அவன் கண்ணெல்லாம் நீர். "அவ சாவுல நடக்கறா, காதுல கல்யாணம் கேக்குது. ஒரு வருஷமா இதைத்தான் நான் தூரம், தூரம்னு ஒளறிக்கிட்டிருந்தேன்."

"சவப்பெட்டிக்குப் பின்னால வால்ஸ் வாசிச்சா எங்க ஊர்ல காலை ஒடிப்பாங்க."

"பாருங்க, எவ்வளவு அடக்கமாப் பேசறாரு!" என்று ரெமி எல்லோரையும் பார்த்துச் சொன்னான்.

"அடக்கமாவது கிடக்கமாவது! தப்பு நடந்துபோச்சுன்னு சொல்றேன், காதுல விழலியா?"

அவன் கத்தியது யார் காதிலும் விழவில்லை. கஸ்பார் வில்லால் நோட்டுத் தாங்கியைத் தட்டினான். அவனுக்கு அடுத்தவன் தட்டினான். பிறகு செல்லோ, டபிள் பாஸ்காரர்கள். ஊதுகிறவர்கள் காலால் தரையை உதைத்தார்கள். வாத்தியக்காரர்களுக்கு இதுதான் கைதட்டல். கூலிக்கு வாசிக்கிறவர்கள் ஒலிப்பதிவுக் கூடத்தில் அதைச் செய்வது பிறந்தநாளுக்குக்கூடக் கிடையாது. கூடமே ஆலை மாதிரி அதிர்ந்தது. லெயோன்ஸ் சினிமாவுக்கு வந்த இத்தனை வருஷத்தில் அது அவனுக்கு நடந்ததில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் மூக்கைச் சிந்தினான்.

மதாம் வோக்லேன் கண்ணாடி அறையிலிருந்தே மைக்கில் பேசினாள். "அந்தப் பையனுக்கு யாராவது போன் பண்ணுங்க. மெஷினை வீட்டிலயே வச்சுக்கச் சொல்லுங்க. முசியே பர்பெசா, உங்க பேரு போஸ்டர்ல ரெமி பேருக்கு நேர் கீழ வரும். பெரிய எழுத்துல."

அதற்கப்புறம் எல்லாம் தண்ணீர் மாதிரி ஓடியது. கல்யாணத்துக்கு அதே வால்ஸை அதற்குரிய வேகத்தில் வாசித்தார்கள். சாவைப் பார்த்துவிட்டுக் கேட்கும்போது அந்தத் துள்ளலே நெஞ்சைப் பிசைகிறது என்றான் ரெமி. மதகு திறக்கும் இடம், பனிமூட்டம், கடைசிக் காட்சி, எதற்கும் அவன் ஒரு கேள்வி கேட்கவில்லை. சாயங்காலத்துக்குள் படம் முழுக்க லெயோன்ஸின் இசை உட்கார்ந்துவிட்டது. யாரோ சிவப்பு ஒயினும் வட்டவட்டமாக அரிந்த உப்புக்கண்டமும் கொண்டுவந்தார்கள். சவ ஊர்வல ரீலை எல்லோருக்குமாக மறுபடி ஓட்டினான் அனிசே. இந்த முறை வாத்தியக்காரர்கள் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார்கள். அக்கார்டியன்காரன் தான் வாசித்ததைக் கேட்டுத் தானே அழுதான். கஸ்பார் லெயோன்ஸின் பக்கம் சாய்ந்தான்.

"அவ கால் தடுக்குது பாரு, அங்க நீ அவளுக்காக நின்னடா. நாங்க யாரும் அவளைப் பாக்கல, நீ ஒருத்தன்தான் பாத்த. இது தப்பா?"

"கை வலிச்சுது. நின்னேன்."

"கிழட்டுக் கழுதை. ஜெயிச்சுட்டேன்னு ஒரு தடவை சொன்னா உன் பல்லு கொட்டிடுமா?"

"இருக்கறதே நாலு பல்லு."

திரையில் அவள் இடறினாள். பாட்டு நின்றது, அவளோடு நடந்தது. லெயோன்ஸ் புறங்கையால் கண்ணைத் துடைத்தான். உப்புக்கண்டம் காரம் என்று சொல்லி ஒயினைக் குடித்தான். வெங்காயம் உரிக்காமல் கண்ணீர் வந்தால் அதில் ஏதோ ஏமாற்று இருக்கிறது என்பது அவன் கட்சி.

தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினான். ரெமி ஒற்றைச் செருப்போடு வாசல்வரை துரத்திவந்தான்.

"அடுத்த படம் நீதான். கதை எழுதும்போதே உன்னைக் கூப்பிடுவேன். சரின்னு சொல்லு!"

"முதல்ல இது கொட்டகைக்கு வரட்டும். சத்தத்தையெல்லாம் கலக்கற மேசையில தண்ணிச் சத்தத்துக்கு அடியில என் பாட்டைப் புதைச்சிட மாட்டீங்கன்னு என்ன நிச்சயம்?"

"சத்தியமா மாட்டேன்! எங்கம்மா மேல சத்தியம்!"

"உங்கம்மாவ எனக்குத் தெரியாதே, தம்பி."

மழை தூறிக்கொண்டிருந்தது. காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு செவ்ர் பாலத்துப் பக்கம் நடந்தான். பின்னால் யாரோ கதவைத் திறந்து வைத்திருக்க வேண்டும், இன்னொரு முறை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். வால்ஸ் தெருவரைக்கும் கேட்டது. பேக்கரி வாசலில் ரொட்டியோடு நின்ற ஒரு பெண் தலையைத் திருப்பி அதைக் கேட்டாள், அங்கேயே நின்றாள். லெயோன்ஸ் அவளைப் பார்த்தான்.

"ரொம்ப மெதுவா வாசிச்சுட்டாங்க, மதாம்" என்று சொல்லிவிட்டுச் சாலையைக் கடந்து போய்விட்டான்.