டமாரம் நிறுத்திய இடம்

பெட்டியை இன்னும் மூடவில்லை. அதற்குள் கீபோர்டுக்காரர் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கே வந்துவிட்டார். பின்னாலேயே கிதார்காரரும் வந்து கதவைச் சாத்தினார்.

"அண்ணி, ஒரே ஒரு இடம். கேட்டுட்டு நீங்களே சொல்லிடுங்க," என்றார் கீபோர்டுக்காரர்.

"இப்பவா?" என்றாள் அவள்.

"இப்பவேதான். இவன் அதை வெட்டி எறியணுங்கறான், நான் கூடாதுங்கறேன். நேத்துலேருந்து அடிச்சுக்கறோம்."

கணவர் கூடத்தில் பெட்டிக்குள் கிடக்கிறார், இவர்கள் ஆல்பத்துக்காக மல்லுக்கு நிற்கிறார்கள். கோபம் வந்திருக்க வேண்டும். காலையிலிருந்து எதுவுமே வர வேண்டிய நேரத்தில் வரவில்லை. துக்கம் விசாரிக்க வந்த ஒருவரைப் பார்த்து "வாங்க, வாங்க" என்று சிரித்துவேறு வைத்தாள். அழுகை எங்கே போய் ஒளிந்துகொண்டது என்று தெரியவில்லை.

அவரை நண்பர்கள் டமாரம் என்பார்கள். மேடையில் ஊரே அதிர டிரம்ஸ் அடிப்பார், வீட்டில் வாயில் கொழுக்கட்டை. ஐந்து பேரின் அந்தப் புரோகிரசிவ் ராக் குழுவுக்கு அவள் கல்யாணத்தைவிட வயது அதிகம். அவர்களுடைய பாட்டு ஒன்றைப் போட்டுவிட்டு, அது முடிவதற்குள் துணி துவைத்து உலர்த்திவிடலாம். நாலு நாலாகப் போகிற தாளம் சட்டென்று ஏழாகும், கொஞ்சம் அசந்தால் ஐந்தாகும். கூடவே தாளம் போடப் பார்த்து அவள் என்றைக்கோ கைகழுவிவிட்டாள். ஆனால் எந்தப் பாட்டும் அவர் இரண்டு குச்சிகளையும் தட்டி "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணினால்தான் கிளம்பும். அந்தப் பழக்கம் முற்றிப்போய், குரூப் போட்டோவுக்குச் சிரிக்கக்கூட அவர் எண்ண வேண்டியிருந்தது. பழைய ஆர்கனை மாடிக்கு ஏற்றிய அன்று, "எண்ணித் தொலைடா டமாரம்" என்று மற்ற நாலு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றதை அவளே பார்த்திருக்கிறாள்.

பல வருஷம் கழித்து இப்போதுதான் ஒரு ஆல்பம். தனித்தனியாகப் பதிந்து ஒட்டுகிற வேலை வேண்டாம், எல்லோரும் ஒரே அறையில் உட்கார்ந்துதான் வாசிக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவர் அவர்தான். முந்தாநாள் கடைசிப் பாட்டை, இருப்பதிலேயே நீளமானதை, ஒரே மூச்சில் வாசித்து முடித்தார்கள். வீட்டுக்கு வந்தார், சாப்பிட்டார், படுத்தார். விடிந்தபோது இல்லை. எப்படிப் போச்சு என்று அன்றிரவு அவள் கேட்டாளா? கேட்டதாகத்தான் நினைவு. அவர் "ம்" என்றார். அல்லது அதுகூடச் சொல்லவில்லை.

கீபோர்டுக்காரர் அவள் காதில் ஹெட்போனை மாட்டினார். வாசிப்பு தலைகால் தெரியாமல் ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் டிரம்ஸ் நின்றது. அதைக் கேட்டு மற்றவர்களும் நிறுத்தினார்கள், பேஸ்காரர் மட்டும் ஒரு நொடி பிந்தி. "இவன் என்னைக்கு நேரத்துக்கு வந்தான்" என்று கணவர் அலுத்துக்கொள்வது ஞாபகம் வந்தது.

பிறகு ஒன்றுமே இல்லை. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவள் தொழில், கற்றுக்கொள்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்து பிரேக்கில் கால் வைத்தே வயதானவள். அவள் வலது கால் தானாகத் தரையை அழுத்தியது. அந்த மௌனத்துக்குள் ஒரு ஸ்டூல் கிறீச்சிட்டது. ஏதோ சரசரத்தது. அப்புறம் குச்சிகள் மெல்லத் தட்டின, எல்லோரும் ஒன்றாகப் பாய்ந்தார்கள்.

"கேட்டீங்களா?" கீபோர்டுக்காரரின் கண்கள் பளபளத்தன. "ஆயுசுல அவன் இப்படி ஒரு மௌனம் விட்டதில்ல. யோசிச்சு விட்டிருக்கான் அண்ணி. ஆல்பத்துக்கு உசிரே அதுதான்."

"மண்ணாங்கட்டி," என்றார் கிதார்காரர். "அவனுக்கு வலி வந்திருக்கு. நாங்க தலையைக் குனிஞ்சு உக்காந்திருந்தோம், ஒருத்தன் நிமிர்ந்து பாக்கல. அதைப் போய் ஊருக்குப் போட்டுக் காட்டச் சொல்றான்."

"முடிச்சதும் அவரைக் கேக்கலையா?"

"சிரிச்சான் அண்ணி. சிரிக்கிறவனை யாரு கேப்பா?"

அவள் இன்னொரு தரம் கேட்டாள். அந்தச் சரசரப்பை மட்டும். பிறகு படுக்கையறைக்குப் போனாள். முந்தாநாள் சட்டை கதவுக்குப் பின்னால் தொங்கியது. பையில் கை விட்டாள். நெஞ்சு பிடித்தால் நாக்குக்கு அடியில் வைக்க டாக்டர் கொடுத்த மாத்திரை அட்டை, அதில் ஒன்று காலி. கூடவே ஒரு சாக்லேட் தாள்.

சர்க்கரை வந்த நாளிலிருந்து அந்தச் சாக்லேட்டுக்காக அவள் போட்ட சண்டை கொஞ்சநஞ்சமல்ல. இப்போது அது சாக்லேட்டாகவே இருக்கட்டும் என்று மனசு கிடந்து தவித்தது. நாலு பேருக்கு நடுவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தாரா, இல்லை, திருட்டுத்தனமாக வாயில் ஒன்றைப் போட்டுக்கொண்டாரா? தாளைக் காதோரம் வைத்துக் கசக்கினாள். அதுவேதான். அட்டையை அமுக்கிப் பார்த்தாள். அதுவும் அதுவேதான்.

"என்ன அண்ணி, வெட்டவா, வைக்கவா?" வாசற்படியில் கிதார்காரர் நின்றிருந்தார்.

"தெரியல."

"நீங்க சொன்னா சரி."

"தெரியலைன்னுதானே சொல்றேன்!" அவள் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது.

வண்டிக்காரர் உள்ளே எட்டிப் பார்த்தார். "அம்மா, எடுத்துடலாமா?"

பேஸ்காரர், அறுபதைத் தாண்டியும் குழுவில் எல்லோருக்கும் தம்பி, டிரம்ஸ் குச்சிகளைப் பெட்டிக்குள் அவர் கைப்பக்கமாக வைத்தார். மூடியை மூடினார்கள். யாரோ உதவிக்கு வர, "நாங்களே தூக்கிக்கறோம்" என்றார் பாட்டுக்காரர். மூலைக்கு ஒருவராக நாலு பேரும் குனிந்து பிடித்தார்கள்.

பிடித்தபடியே நின்றார்கள். யாரும் தூக்கவில்லை.

"என்னாச்சு?" வண்டிக்காரர் சுற்றுமுற்றும் பார்த்தார். "பாரமா இருக்கா?"

நாலு நரைத்த தலைகளும் குனிந்தே இருந்தன. மூச்சைப் பிடித்திருக்கிறார்கள் என்பது அவர்கள் தோளிலேயே தெரிந்தது. எதற்கு நிற்கிறார்கள் என்று அவளுக்குப் புரிந்தது. அவர்களுக்குப் புரிந்ததா என்பதுதான் தெரியவில்லை. அவளும் சும்மா நின்றாள். எங்கிருந்தாவது அந்தச் சத்தம் வந்துவிடும் என்று அவளுக்கும் ஒரு கணம் தோன்றியது.

"அந்த இடத்தை வெட்டாதீங்க," என்றாள் கிதார்காரரிடம். அவர் நிமிராமலே தலையாட்டினார்.

பிறகு, தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஒண்ணு," என்றாள். "ரெண்டு."

பெட்டி எழுந்தது. பேஸ்காரரின் மூலை மட்டும் ஒரு நொடி பிந்தியது. அந்தச் சரிவில் உள்ளே குச்சிகள் உருண்டு, பலகையில் ஒருமுறை தட்டின.