இன்சாவின் சிவப்பு அட்டை

எங்கள் சங்கம் எதற்காக இருக்கிறது என்று யாராவது கேட்டால் எனக்கு வாய் நிறையப் பதில் உண்டு. பன்னிரண்டு வருடமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வட ஜெர்மனியில் எங்கள் ஊரான ஓல்டன்பர்க்கின் நகரசபையில் சொல்லியிருக்கிறேன், தேவாலயப் பெண்கள் குழுவில் சொல்லியிருக்கிறேன், ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்த பாவத்துக்கு ஒரு பல் மருத்துவரிடம்கூடச் சொல்லியிருக்கிறேன். எல்லோருக்கும் கலை, எல்லோருக்கும் கல்வி, எல்லோருக்கும் இடம். அதனால் அந்தப் புதன்கிழமை மத்தியானம் இன்சா சிவப்பு அட்டையைத் தூக்கியபோது எனக்கு முதலில் வந்தது கோபம்தான்.

இன்சா எங்கள் சரிபார்ப்பாளர். அருங்காட்சியகக் குறிப்பு, தேர்தல் அறிவிப்பு, மருத்துவமனைக் கடிதம் இதையெல்லாம் எளிய மொழியில் எழுதுவது எங்கள் சங்கத்தின் முக்கியமான வேலை. எழுதுவது என்னைப் போலப் பெரிய படிப்புப் படித்தவர்கள். ஆனால் அது எளிதா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல எங்களுக்கு உரிமை கிடையாது. கற்பதில் சிரமம் உள்ளவர்களே உட்கார்ந்து வரிவரியாகப் படித்துப் பார்ப்பார்கள். புரியவில்லை என்றால் சிவப்பு அட்டை. எல்லாம் புரிந்தால் கடைசியில் முத்திரை. முத்திரை இல்லாத காகிதத்துக்கு எங்கள் உலகத்தில் மதிப்பில்லை.

அன்று மேஜையில் இருந்தது வெளியாருடைய காகிதம் அல்ல, எங்களுடையது. சங்கத்தின் நோக்கம், ஒரே ஒரு பக்கம். எங்களுக்கு நிதி தருவதற்கு ஐரோப்பிய அறக்கட்டளை ஒன்று அதை எளிய மொழியில், முத்திரையோடு கேட்டிருந்தது. வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குள் அனுப்பியாக வேண்டும். அனுப்பாவிட்டால் வசந்தகாலத்தோடு பெரியவர்களுக்கான எங்கள் வாசிப்பு வகுப்பை மூட வேண்டியதுதான். இன்சா தன் முப்பத்தைந்தாம் வயதில் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கியது அந்த வகுப்பில்தான். இப்போது நாற்பத்தொன்று. இன்னும் செவ்வாய் தவறாமல் வருகிறாள்.

வழக்கமாகச் சரிபார்ப்பை நடத்தும் பெண்ணுக்குக் காய்ச்சல். நானே உட்கார்ந்தேன். எழுதியவளே நடத்தக் கூடாது என்பது விதி. ஒரு நாள்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் வரிகள் சுலபமாகப் போயின. "எல்லோரும் அருங்காட்சியகத்துக்குப் போகலாம்" என்ற வரியில் இன்சா விரலை நிறுத்தினாள்.

"எல்லோரும்னா சக்கர நாற்காலிக்காரங்களுமா?"

"ஆமா. லிஃப்ட் போட்டாச்சே."

"நான் போய்ப் பாத்தேன். போட்டிருக்காங்க. சரி, மேல போ."

பக்கத்தில் இருந்த இன்னொரு சரிபார்ப்பாளர் ஹாயோ, அறுபத்து மூன்று வயது, பேசுவது குறைவு, கேக் விஷயத்தில் மட்டும் கறார். அவர் தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "அங்க காபி நல்லா இல்ல," என்றார். அதை நான் குறித்துக்கொள்ளவில்லை என்று அவருக்கு வருத்தம்.

கடைசி வரி வந்தது. "எங்கள் சங்கத்தில் எல்லோரும் சேர்ந்து முடிவு எடுக்கிறோம்." இன்சா விரல் வைத்து ஒருமுறை படித்தாள். திரும்பவும் படித்தாள். அட்டையைத் தூக்கினாள்.

"எந்த வார்த்தை கஷ்டமா இருக்கு?" என்றேன், பேனாவைத் தயாராக வைத்துக்கொண்டு.

"எதுவும் கஷ்டமில்ல."

"பின்ன எதுக்கு அட்டை?"

"யாரு அந்த எல்லோரும்?"

"எல்லோரும்னா எல்லோரும்தான், இன்சா."

"பேர் சொல்லு."

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. தலைவர் ஓனோ, பொருளாளர், செயலாளர், பிறகு ஆண்டுக் கூட்டத்துக்கு வரும் உறுப்பினர்கள் நாற்பத்து மூன்று பேர் என்று சொன்னேன்.

"அதுல நான் இருக்கேனா?"

"நீ சரிபார்ப்பாளர். உன்னை வெச்சுத்தானே எங்க வேலையே நடக்குது!"

"அது தெரியும். நான் கேட்டது வேற. ஹாயோ இருக்காரா? எங்க வகுப்புல யாராவது இருக்காங்களா?"

இல்லை என்பதுதான் பதில். எனக்கு அதுவரை அது ஒரு கேள்வியாகவே தோன்றியதில்லை.

"குளிர்காலம் வந்தா எங்களைக் கேல் கீரை விருந்துக்குக் கூட்டிட்டுப் போறீங்க," என்றாள் இன்சா. "கைவண்டி இழுத்துட்டு, பாட்டுப் பாடிட்டு நடக்கறோம். போன வருஷம் விருந்துல ஹாயோவைத் தேர்ந்தெடுத்துக் கேல் ராஜா ஆக்கினீங்க. ஓட்டுப் போட மட்டும் கூப்பிட மாட்டேங்கறீங்க."

"நான் நல்ல ராஜா," என்றார் ஹாயோ.

எனக்குப் பொறுமை போய்விட்டது. "இங்க பாரு, உன் வேலை புரியுதா இல்லையான்னு சொல்றது. நெசமா பொய்யான்னு சொல்றது இல்ல."

"புரிஞ்சதனாலதானே கேக்கறேன்."

அதற்குப் பிறகு நான் சொன்னதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. முத்திரை இல்லையென்றால் வாசிப்பு வகுப்பு போய்விடும் என்றேன். உன் வகுப்புதான் என்றும் சேர்த்துச் சொன்னேன். இன்சாவின் முகம் வெளுத்துப்போனது. மூக்கை உறிஞ்சினாள், கைக்குட்டையைத் தேடினாள். அட்டையை மட்டும் கீழே வைக்கவில்லை.

மறுநாள் காலையில் ஓனோவுக்கு ஃபோன் செய்தேன். அவர் ஓய்வு பெற்ற பள்ளித் தலைமையாசிரியர், எதையும் ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவார்.

"அந்த வரியையே தூக்கிடுங்க, கேசா."

"முடியாது. முடிவு எப்படி எடுக்கறீங்கன்னு படிவத்துல தனியாவே கேட்டிருக்காங்க."

"அப்ப ப்ரேமன்ல இருக்கற சரிபார்ப்புக் குழுவைக் கேளுங்க. அவங்க முத்திரை போட்டாலும் செல்லும்."

ப்ரேமன் குழுவைக் கேட்டேன். இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். ஃபோனை வைத்ததும் நிம்மதியாகத்தான் இருந்தது, அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஏனென்றால் ராத்திரி முழுவதும் ஒரே கேள்வி என்னைக் குடைந்துகொண்டிருந்தது. இன்சா ஒன்றும் சண்டைக்காரி அல்ல. பேருந்து ஓட்டுநர் தவறான நிறுத்தத்தில் இறக்கிவிட்டால்கூட நன்றி சொல்லிவிட்டு நடப்பவள். அப்படிப்பட்டவள் தன் வகுப்பையே பணயம் வைத்து ஒரு வரியில் பிடிவாதமாக நிற்கிறாள் என்றால், அந்த வரியில் எனக்குத் தெரியாதது என்னவோ இருக்கிறது. அது என்ன என்று தெரியாமல் என்னால் வேறு வேலை பார்க்க முடியவில்லை.

வியாழக்கிழமைகளில் இன்சா நகரத்துக்கு வெளியே உள்ள மாற்றுத்திறனாளிகள் பட்டறையில் கதவுக் கீல்களைப் பொட்டலம் கட்டுவாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். எதிர்க்காற்று. கூடத்தில் உருளைக்கிழங்கும் ஹெர்ரிங் மீனும் மணந்தன. இன்சா ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"மொய்ன்," என்று எங்கள் ஊர் வணக்கத்தைச் சொன்னேன்.

"மொய்ன். முத்திரைக்கு வந்தியா?"

"இல்ல. கேக்க வந்தேன். நேத்து நான் பேசினது தப்பு. வகுப்பைச் சொல்லி உன்னைப் பயமுறுத்திட்டேன்."

"ஆமா. பயந்துட்டேன். ராத்திரி தூங்கல."

"அந்த வரி ஏன் உனக்கு இவ்வளவு உறுத்துது? எனக்குத் தெரிஞ்சாகணும், இன்சா."

அவள் மீனை முழுசாகத் தின்று முடித்தாள். எழுந்து போய்த் தன் அலமாரியைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து வந்தாள். அதற்குள் ஒரே ஒரு தாள். எங்கள் சங்கத்தின் உறுப்பினர் விண்ணப்பம். பெயர், பிறந்த நாள், முகவரி, கையெழுத்து எல்லாம் பெரிய பெரிய எழுத்தில். முகவரியில் ஒரு எழுத்தை அடித்துத் திருத்தியிருந்தாள். தேதியைப் பார்த்தேன். மூன்று வருடத்துக்கு முந்தைய பிப்ரவரி.

தாளின் ஓரத்தில் பச்சை மையில் யாரோ எழுதியிருந்தார்கள். "மிக அருமை, இன்சா! உன் எழுத்து எவ்வளவு முன்னேறிவிட்டது!" பக்கத்தில் சிரிக்கிற சூரியன் படம்.

யாரோ என்ன யாரோ. என் கையெழுத்துதான். பச்சைப் பேனா எங்கள் அலுவலகத்தில் என்னிடம் மட்டும்தான் இருக்கிறது.

எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. அந்த மாதம் வாசிப்பு வகுப்பில் படிவம் நிரப்பப் பழகிக்கொண்டிருந்தார்கள். நூலகப் படிவம், தபால் நிலையப் படிவம், இப்படி. அஞ்சல் பெட்டியில் இன்சாவின் தாளைப் பார்த்ததும் அதுவும் பயிற்சி என்றே எடுத்துக்கொண்டேன். வேறு யார் அனுப்பியிருந்தாலும் வரிசை எண் போட்டு நிர்வாகக் குழுவின் முன் வைத்திருப்பேன். இன்சா அனுப்பியதால் பாராட்டிச் சூரியன் வரைந்து திருப்பிக் கொடுத்தேன். மனசு நிறைந்து வரைந்தேன், அதுதான் கொடுமை.

"நீ சூரியன் போட்டுக் குடுத்த," என்றாள் இன்சா. "சேத்துக்கிட்டாங்கன்னு நெனைச்சேன். எங்க அண்ணன்கிட்டகூடச் சொன்னேன், நான் மெம்பர்னு. அப்புறம் கூட்டத்துக்கு லெட்டர் வரும்னு பாத்தேன். மூணு மார்ச் பாத்தேன்."

"கேட்டிருக்கலாமே?"

"நீங்க மறக்க மாட்டீங்கன்னு நெனைச்சேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. பட்டறைக் கூடத்தில் நூறு பேர் பார்க்க, ஐம்பத்திரண்டு வயதில் குழந்தை மாதிரி அழுதேன். இன்சா தன் புட்டிங் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினாள்.

"சாப்பிடு. வெனிலா," என்றாள்.

மத்தியானமே நிர்வாகக் குழுவில் மூன்று பேரையும் ஃபோனில் பிடித்தேன். விண்ணப்பத்தை ஏற்றுக்கொள்ள அவர்களுக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அந்த ஐந்து நிமிடத்துக்காக மூன்று வருடம். ஓனோ ரொம்ப நல்ல மனிதர், உண்மையாகவே வருத்தப்பட்டார். அப்புறம் உற்சாகமாக, "சரி, இப்ப அவங்க உறுப்பினர் ஆயாச்சு. வரியும் உண்மை ஆயிடுச்சு. அப்படியே அனுப்பிடலாம்," என்றார்.

"ஒருத்தர் சேர்ந்தா எல்லோரும் ஆயிடுமா, ஓனோ?"

ஃபோனை வைத்துவிட்டுக் கடைசி வரியை மாற்றி எழுத உட்கார்ந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு இன்சாவும் ஹாயோவும் வந்தார்கள். காய்ச்சல்காரப் பெண்ணும் கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு வந்து சரிபார்ப்பை நடத்தினாள். இந்த முறை நான் ஓரமாக உட்கார்ந்தேன். கடைசி வரியை எடுத்துவிட்டு அதற்குப் பதில் நான்கு வரி எழுதியிருந்தேன். இன்சா விரல் வைத்து, உரக்க, ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள்.

"எங்கள் சங்கத்தில் முடிவு எடுப்பவர்கள் உறுப்பினர்கள். கற்பதில் சிரமம் உள்ளவர்களை நாங்கள் இதுவரை உறுப்பினராகச் சேர்க்கவில்லை. அது தவறு. இந்த வாரம்தான் முதல் ஆளைச் சேர்த்திருக்கிறோம்."

முந்தின இரவு ஃபோனில் இதைப் படித்துக் காட்டியபோது ஓனோ பெருமூச்சு விட்டார். இப்படி எழுதினால் அறக்கட்டளைக்காரர்கள் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்று கேட்டார். தெரியாது என்றேன். உண்மையாகவே தெரியாது. ஆனால் இந்தப் பன்னிரண்டு வருடத்தில் எனக்கே புரிகிற மாதிரி நான் எழுதியது இந்த நான்கு வரியைத்தான்.

இன்சா ஹாயோவைப் பார்த்தாள். "உங்களுக்குப் புரியுதா?"

"புரியுது. தப்புப் பண்ணியிருக்காங்க," என்றார் ஹாயோ.

"எனக்கும் புரியுது," என்று சொல்லிவிட்டு இன்சா முத்திரையை எடுத்தாள். எழுந்து நின்று, இரண்டு கையாலும் அழுத்திக் குத்தினாள். மேஜை ஆடியது. மணி பத்து இருபது. பத்தரைக்குள் காகிதம் ஸ்கேன் ஆகி மின்னஞ்சலில் போய்ச் சேர்ந்துவிட்டது.

ஹாயோ தனக்கும் ஒரு விண்ணப்பம் வேண்டும் என்றார். கொடுத்தேன். ஒரே தாள்தான், ஆனால் இரண்டு பக்கமும் பொடி எழுத்து. அதைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் பேசாமல் மேஜையிலிருந்த சிவப்பு அட்டையை எடுத்து அதன்மேல் வைத்தார். சரிதான், அடுத்த வாரம் எனக்கு அந்த வேலை.

இன்சா கோட்டு மாட்டிக்கொண்டிருந்தாள். "கூட்டம் என்னைக்கு?" என்று கேட்டாள்.

"மார்ச் பதினாலு, வியாழன், சாயங்காலம் நாலு மணி," என்றேன் பெருமையோடு. "அழைப்பு எல்லாம் தயார். உனக்கும் இப்பவே ஒண்ணு எழுதித் தரேன்."

பையிலிருந்து தன் நாள்குறிப்பை எடுத்தாள். பக்கங்களை ஒவ்வொன்றாகத் திருப்பினாள். விரலை வைத்துப் பார்த்தாள்.

"வியாழன் பட்டறை. அஞ்சு மணிக்குத்தான் பஸ்."

"அய்யோ."

"நாலு மணின்னா என்னால வர முடியாது. நேரத்தை மாத்துங்க."

பன்னிரண்டு வருடமாக எங்கள் கூட்டம் மார்ச் மாதத்து இரண்டாவது வியாழன், நாலு மணி. பொருளாளர் பேத்தியின் கல்யாணத்துக்குக்கூட நாங்கள் அதை மாற்றியதில்லை. அலமாரி மேல் நாற்பத்து மூன்று உறைகள், ஒட்டி, தபால்தலை போட்டு, சாயங்காலம் அஞ்சலில் சேர்க்கத் தயாராக இருந்தன. நான் அவற்றைப் பார்த்தேன். இன்சா என்னைப் பார்த்தாள். அவள் கெஞ்சவில்லை, கோபமாகவும் இல்லை. ஒரு உறுப்பினர் கேட்கிற மாதிரி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தாள்.

"ஆறரை மணின்னா?" என்றேன்.

"ஆறரைன்னா வரேன்," என்று அவள் பென்சிலால் எழுதிக்கொண்டாள்.

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, உறைகளைக் கீழே இறக்கி, முதல் உறையைப் பிரித்தேன்.