சுக்கு ரொட்டிச் சுவருக்குத் தண்ணீர்

1.

இந்தக் கதை என் கற்பனையில் உதித்ததல்ல. பக்கத்து வீட்டிலிருந்து வாசனையாக வந்தது. போன டிசம்பரில் ஒரு மத்தியானம் சுக்கும் வெல்லமும் பட்டையும் சேர்ந்து வேகும் வாசனை என் ஜன்னலுக்குள் நுழைந்தது. யாருக்கோ சளி பிடித்திருக்கிறது என்று நினைத்து நலம் விசாரிக்கப் போனேன். யாருக்கும் சளி இல்லை. தேவதர்ஷினி வீடு கட்டிக்கொண்டிருந்தாள்.

2.

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

(அ) திண்டுக்கல் மலைக்கோட்டையின் மேல் மார்கழிப் பனி இறங்கிக்கொண்டிருந்த

(நிறுத்திவிட்டேன். கதை நடப்பது சமையலறையில். அங்கிருந்து கோட்டை தெரியாது.)

(ஆ) மேலை நாடுகளில் கிறிஸ்துமஸ் சமயத்தில் இஞ்சி ரொட்டியைப் பலகை பலகையாகச் சுட்டு, ஐசிங் வைத்து ஒட்டி, சிறு வீடாக அலங்கரிப்பது

(கட்டுரை வாடை அடிக்கிறது. ஆனாலும் அப்படியே இருக்கட்டும், தெரியாதவர்களுக்கு உதவும்.)

(இ) அந்த வீடு மாலை ஆறு மணி வரை நின்றாக வேண்டும்.

இது தேவலாம். இதிலிருந்தே போகிறேன்.

3.

தர்ஷினி வீட்டிலேயே கேக் செய்து விற்பவள். எங்கள் பங்குக் கோயில் மாதர் சங்கம் விழாவுக்கு விழா மதுரையிலிருந்துதான் கேக் வரவழைக்கும். இந்த முறை, அன்று மாலை ஆறு மணிக்கு நடக்கவிருந்த கிறிஸ்துமஸ் விழாவுக்காக, சங்கத் தலைவி மலர்விழி டீச்சர் அவளிடம், "அலங்கார வீடு ஒண்ணு செஞ்சு கொண்டா பாப்போம். நல்லாருந்துச்சுன்னா இனிமே எல்லாம் உங்கிட்டதான்" என்று சொல்லியிருந்தார்.

தர்ஷினியின் கணவன் பிராங்க்ளின் கொத்தனார். எதையும் தொடக் கூடாது என்ற உத்தரவின் பேரில் கையைப் பின்னால் கட்டி நின்றான். வாயைக் கட்ட யாராலும் முடியவில்லை.

"சரிவுக் கூரையா? அப்பறம் துணி எங்க காயப்போடுவ?"

"இதுல யாரும் குடிவரப் போறதில்லைங்க."

"கலவை எளக்கமா இருக்கு. செத்த இறுக்கு."

ஐசிங்கைத்தான் கலவை என்றான். அவன் சொன்னது சரியாக இருந்ததால் அவளுக்குக் கோபம் கூடியது. சர்க்கரைத் தூளை இன்னும் கொஞ்சம் போட்டு இறுக்கினாள். நான்கு சுவர்களும் நின்றன. அவன் ரசமட்டத்தை எடுத்து வந்து வைத்துப் பார்த்தான். குமிழி நட்டநடுவில் நின்றது.

"பரவால்ல, கைவேலை தெரியுது" என்றான். தர்ஷினி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். கூரைப் பலகைகளைத் தனியே ஆறவைத்துவிட்டுக் குளிக்கப் போனாள்.

4.

இங்கேதான் இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வருகிறது. பிராங்க்ளின் தினமும் டீயில் பிஸ்கட்டை முக்கித் தின்கிறவன். நனைந்தால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியாதா? வாசகர் நம்புவாரா?

யோசித்ததில் ஒன்று புலப்பட்டது. மேஜையில் கிடந்தவரை அது ரொட்டி. நிமிர்த்தி வைத்து, ரசமட்டமும் பார்த்தாயிற்று; இனி அது சுவர். சுவர் என்றால் கை தானாகச் செம்பைத் தேடும். எழுப்பிய சுவரை நனைத்து விடாமல் எந்தக் கொத்தனாரும் இடத்தைவிட்டு நகர மாட்டான்.

முதலில் முன்சுவரை நனைத்தான். பக்குவமாக, மேலிருந்து கீழாக, உள்ளங்கையால் அள்ளித் தெளித்து.

5.

தர்ஷினி ஈரத் தலையோடு வந்தபோது முன்சுவர் முழங்கால் மடித்து உட்கார்ந்துகொண்டிருந்தது.

"ரொட்டிக்கு யாராச்சும் தண்ணி தெளிப்பாகளா?"

"செவுரு எழுப்புனா நனைக்கணும்ல? கை தானா போயிருச்சு தர்ஷினி."

(இந்த இடத்தில் தட்டு பறக்கும், அழுகை வெடிக்கும் என்று எதிர்பார்த்து ஒரு பத்தி எழுதி வைத்திருந்தேன். வீணாகிவிட்டது.)

அவள் சுவரைப் பார்த்தாள். செம்பும் கையுமாக நிற்கும் கணவனைப் பார்த்தாள். சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியாமல் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டாள்.

"மறுபடி சுட நேரமில்ல. வேலை இன்னும் முடியலன்னு சொல்லிருவோம். நீங்க சாரம் கட்டுங்க."

"எதுல?"

"பட்டைக் குச்சி இருக்கு. இப்பத் தொடலாம், போங்க."

பிராங்க்ளின் பட்டைக் குச்சிகளை நூலால் முடிந்து முன்பக்கம் சாரம் கட்டினான். அவ்வளவு சந்தோஷமாக அவன் வேலை பார்த்து நான் கண்டதில்லை. அவள் நனையாத துண்டுகளைச் செங்கல் செங்கலாக நறுக்கி அடுக்கினாள். பக்கத்தில் சர்க்கரைத் தூளைச் சிமென்ட் மாதிரிக் குவித்தாள். கூரையில் பாதியை மட்டும் ஏற்றினார்கள்.

6.

விழா மண்டபத்தில் மலர்விழி டீச்சர் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"என்ன தர்ஷினி, முன்செவுரக் காணோம்?"

"வேலை நடக்குது டீச்சர்" என்றான் பிராங்க்ளின்.

டீச்சர் ஒரு செங்கல்லை எடுத்து வாயில் போட்டார். இந்த இடத்துக்கு இரண்டு முடிவுகள் வைத்திருந்தேன். ஒன்றில், "நான் கேட்டது முழு வீடு" என்று சொல்லிவிட்டு மதுரைக்கு போன் போடுகிறார். மற்றதில் மண்டபமே எழுந்து கைதட்டு

(வேண்டாம், ரொம்ப ஓவர்.)

நடந்தது இவ்வளவுதான்: மென்று முடித்து, இன்னொரு செங்கல்லையும் எடுத்துக்கொண்டு, "புது வருசத்துக்கும் ஈஸ்டருக்கும் நீயே செஞ்சிரு. அதுக்குள்ள இந்த வீட்டையும் முடிச்சிருங்க" என்றார். அதற்குள் பிள்ளைகள் வீட்டைத் தின்றுகொண்டே சாரம் வரை வந்துவிட்டார்கள்.

7.

இத்தோடு முடித்திருப்பேன். ஆனால் படித்துப் பார்க்கட்டும் என்று நேற்று இருவரிடமும் கொடுத்துவிட்டேன்.

"அண்ணே, தண்ணி ஊத்துனது நான்னு போடாதீக. சைட்ல சித்தாளுக கூடச் சிரிப்பாக."

"பெயரைத்தான் மாற்றியிருக்கிறேனே, தம்பி."

"பிராங்க்ளின்னு வச்சா தெரியாதாக்கும்? தெருவுல கொத்தனாரு நான் ஒருத்தன்தான்."

"அத எடுத்தா கதையே வேணாம்ணே" என்றாள் தர்ஷினி.

"மழை பேஞ்சுச்சுன்னு எழுதுங்கண்ணே."

"அடுப்படிக்குள்ளயா?" என்றாள்.

"மேல ஒழுகுச்சுன்னு..."

"மேல தளம் போட்டது யாரு?"

பிராங்க்ளின் வெகுநேரம் யோசித்தான். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறான். ஆகவே முடிவை உங்களிடம் விடுகிறேன். கோடிட்ட இடத்தை நிரப்பிக்கொள்ளுங்கள்:

முன்சுவரில் தண்ணீர் ஊற்றியது ____________.

மழை என்று நிரப்புகிறவர்கள், அந்தத் தளம் போட்ட கொத்தனாரின் பெயரையும் அருகில் எழுதவும்.