செம்புத் தகட்டில் அக்காவின் கை

என் அக்கா பாண்டிமீனாவின் கழுத்தில் இருந்தது சின்னக் கட்டிதான். எச்சில் விழுங்கும்போது மட்டும் ஏறி இறங்கும். அச்சங்குளம் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து செலுத்தும் அறையில் வேலை பார்க்கும் நால்வரில் அவள் ஒருத்தி, நான் ஒருத்தி.

அந்த மருந்தின் உப்பு உடம்பிலுள்ள அயோடினைத் தின்றுவிடும், அதனால்தான் கழுத்தில் கட்டி வருகிறது என்று பெண்களிடையே ஒரு பேச்சு உண்டு. கொஞ்சம் உண்மை இருக்கலாம். எனக்கு உறுதியாகத் தெரியாது. எங்களோடு வேலை பார்க்கும் பஞ்சம்மாள் ஆன்லைனில் அயோடின் சொட்டு வரவழைத்து அக்காவுக்கும் ஒரு குப்பி கொடுத்தாள்.

சில வாரங்களில் அக்கா மெலிந்துபோனாள். வேலைக்குப் பிறகு நான் படிக்கும் மாலை வகுப்பு முடிந்து வரும்போது, மின்விசிறிக்கு நேர் கீழே வியர்த்தபடி உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் கையில் டம்ளரைக் கொடுத்தேன். தண்ணீர் மடியெல்லாம் சிந்தியது.

"கை நடுங்குதுக்கா."

"அயோடின் இன்னும் பத்தலைட்டி. கூட நாலு சொட்டு விடச் சொல்லுச்சு பஞ்சம்மாக்கா."

"டாக்டர்ட்ட ஒரு வார்த்தை கேப்பமே."

"தீவாளி சீசன் முடியட்டும். நீ யார்ட்டயும் உளறி வைக்காத. நடுங்குற கைன்னு தெரிஞ்சா எந்தக் கம்பெனியிலயும் உள்ள விடமாட்டாக."

சொட்டுதான் அவளைக் கெடுக்கிறது என்று நான் நினைப்பது தவறாக இருந்து அவள் வேலை போய்விட்டால்? சரியாக இருந்தால், ஒரு கை தவறினாலும் போதும், அந்த அறையில் நாங்கள் நாலு பேர். இப்படியே யோசித்துக்கொண்டிருந்தேனே தவிர, யாரிடமும் சொல்லவில்லை.

அறைக்குள் போகுமுன் வாசலிலுள்ள செம்புத் தகட்டில் உள்ளங்கையை வைக்க வேண்டும். உடம்பில் ஏறியிருக்கும் மின்சாரம் அதில் இறங்கிவிடும். ஒருநாள் காலை அக்கா கையை வைத்தபோது நகங்கள் தகட்டில் படபடவென்று தட்டின.

"என்ன தாயி, காலையிலயே தவில் வாசிக்க?" என்றார் போர்மேன் அய்யாதுரை.

வரிசையில் எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தபடி கையை அழுத்தினாள். சத்தம் கூடியது. போர்மேனின் சிரிப்பு நின்றது.

"எம்புட்டு நாளா இப்பிடி?"

அக்கா என்னைப் பார்த்தாள்.

"கொஞ்ச நாளாவே நடுங்குது அண்ணாச்சி," என்றேன்.

"இந்தக் கையோடயா உள்ள உக்காந்திருந்த? வீட்டுக்குப் போ தாயி."

ரத்தப் பரிசோதனையைப் பார்த்த டாக்டர் முதலில் சொட்டை நிறுத்தச் சொன்னார். கட்டியுள்ள தைராய்டுக்கு இப்படி அயோடினை ஊற்றினால் சில பேருக்கு அது கட்டுமீறிச் சுரக்குமாம். இதயத் துடிப்பும் தாறுமாறாக இருக்கிறது என்றார். நடுக்கம் அடங்க மாதக்கணக்கில் ஆகலாம்.

பஞ்சம்மாள் இன்னும் சொட்டு விட்டுக்கொள்கிறாள். அக்கா என்னோடு பேசுவதில்லை. வகுப்பு முடிந்து வந்தால், எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்து அதன்மேல் கையை வைத்து உட்கார்ந்திருக்கிறாள். தட்டு படபடக்கிறதா என்று நான் வாசலிலேயே நின்று காதுகொடுப்பேன்.

இன்றைக்கும் சத்தம் கேட்டது.