வினோஜாவின் இடது கன்னம்

1

இந்தக் கதை எனக்காகத் தோன்றியதல்ல. என்னிடம் கேட்டு வாங்கப்பட்டது. என் சித்தி மகள் வினோஜாவும் நானும் கண்டியிலிருந்து மாத்தளைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். பஸ் அக்குறணையில் வாகன நெரிசலில் நின்றபோது அவள் சொன்னாள்:

"அண்ணே, நீ இத எழுது. நீ எப்படி முடிக்கிறியோ அப்படியே நான் செஞ்சிர்றேன்."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. சொன்னால் சொன்னபடி செய்கிறவள் அவள். அன்றிலிருந்து எனக்குப் பயம்.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

[அலுவிகாரையில், பிரதான வீதியை ஒட்டிய ஒரு சிறிய வீட்டின் முன்னறையில், அழகான பெண்ணொருத்தி—]

நிறுத்திவிட்டேன். அழகானவள் என்று எழுதினால், அவளுக்கு எதற்குச் சத்திரசிகிச்சை என்று நீங்கள் கேட்பீர்கள். அழகில்லாதவள் என்று எழுதினால் அவள் வாசிப்பாள். ஆகவே தகவல்களை மட்டும் தருகிறேன். வயது முப்பத்தொன்று. பேஸ்புக் லைவில் சாரி விற்கிறாள். இடது கன்னம் வலதைவிடத் தட்டை. அந்தக் கன்னத்துக்குள் சிலிக்கோன் துண்டு ஒன்றை வைத்துக்கொள்வதா, வேண்டாமா என்பதுதான் கதை.

இவ்வளவுதானா என்று நீங்கள் நினைக்கலாம். நானும் நினைத்தேன்.

2

லைவ் நடக்கும்போது சித்தி கலாராணி போனுக்குப் பின்னால் முக்காலியில் உட்கார்ந்து, வருகிற கொமெண்டுகளைச் சத்தமாக வாசிப்பாள். இருதயம் பலவீனமானவள். ஆனாலும் அந்த வேலையை யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

"கத்தரிப்பூ கலர் இருக்கான்னு பல்லேகமையிலருந்து கேக்கிறாங்க."

"அது போயிருச்சும்மா. அடுத்தது?"

"பிளவுஸ் பீஸ் சேத்தா, தனியான்னு கேக்கிறாங்க."

"சேத்துத்தான். அடுத்தது?"

சித்தி வாசிக்கவில்லை.

"அம்மா, அடுத்தது?"

"ஒன்னுமில்ல. யாரோ ஹார்ட் போட்டிருக்காங்க."

லைவ் முடிந்ததும் வினோஜா போனை வாங்கிப் பார்ப்பாள். *அக்கா பல்லு புடுங்கினீங்களா, ஒரு பக்கம் உள்ள போயிருக்கே.* அதற்குக் கீழே சிரிப்புப் படங்கள் வரிசையாக. ஒருமுறை ஒருவன் அவளுடைய முகத்தின் ஒவ்வொரு பாதியையும் கண்ணாடிபோல இரட்டித்து ஒட்டி, இரண்டு பெண்களாக்கிப் போட்டிருந்தான்.

"அம்மா நிறுத்தினா எனக்குத் தெரியும்ணே, அது என் மூஞ்சியப் பத்தின்னு" என்றாள் என்னிடம். "அவங்க வாசிச்சிருந்தாக்கூட இவ்ளோ வலிச்சிருக்காது."

(இங்கே, பிறர் சொல்வதைப் பொருட்படுத்தாதே என்று ஒரு பத்தி எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். இரண்டு கன்னமும் சமமாக இருக்கிறவன் எழுதிய பத்தி அது.)

3

கண்டி கிளினிக்குக்கு அவள் என்னைக் கூட்டிப்போனது பாசத்தால் அல்ல. பார்த்த இரவு வேலையையும் விட்டுவிட்டுச் சும்மா இருக்கும் ஒரே ஆண் சொந்தம் நான்தான். அதை அவளே சொன்னாள்.

டொக்டர் சிங்களத்தில் பேசினார். தமிழில் எழுதும்போது சற்றுக் கடுமையானவராகத் தெரிவார். உண்மையில் மென்மையானவர். அதுதான் எனக்குக் கூடுதல் பயத்தைத் தந்தது. மேசைமேல் ஒரு சிலிக்கோன் துண்டை வைத்து, "தொட்டுப் பாருங்க" என்றார். உரித்த ரம்புட்டானைப் பாதியாக அறுத்ததுபோல் இருந்தது. வினோஜா தொட்டாள். நான் தொடவில்லை.

வாய்க்குள், மேல் ஈறுக்கு மேலே வெட்டி, எலும்பின்மேல் சின்னப் பைபோல இடம் செய்து அதை உள்ளே வைப்பார்களாம். வெளியே தழும்பு தெரியாது. ஆனால் கிருமி தொற்றலாம். தொற்றினால் மருந்து போதாமல், வைத்ததை எடுக்க நேரலாம். துண்டு இடம் நகரலாம். கன்னமும் மேலுதடும் மரத்துப்போகலாம். பெரும்பாலும் உணர்ச்சி திரும்பும், சிலருக்குத் திரும்பாது. இவ்வளவும் செய்தபிறகும் இரண்டு பக்கமும் ஒன்றுபோலாகும் என்று உறுதி தர முடியாது.

"நிறையப் பேருக்கு ஒரு பிரச்சினையும் வர்றதில்ல" என்றார்.

நல்ல வாக்கியம். பயந்தவளுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. பயந்தவள் தன்னை அந்த நிறையப் பேரில் ஒருத்தியாக எண்ணிக்கொள்வதில்லை.

வேறு வழிகள் உண்டா என்று நான் கேட்டேன். உண்டு என்றார். கன்னத்தை நிரப்பும் பில்லர் ஊசி போடலாம். ஒரு வருடம், ஒன்றரை வருடத்தில் கரைந்துவிடும், பிடிக்காவிட்டால் முன்னதாகவே கரைக்கவும் மருந்து இருக்கிறது. உடம்பின் வேறோர் இடத்திலிருந்து கொழுப்பை எடுத்துக் கன்னத்தில் ஏற்றலாம். அதில் எவ்வளவு தங்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஒன்றும் செய்யாமலும் இருக்கலாம்.

[பில்லர் தவறி இரத்தக்குழாயை அடைத்தால், மிக அரிதாக, கண்பார்வை—]

இந்த வாக்கியத்தை அழித்தேன். திரும்ப எழுதினேன். மறுபடி அழித்தேன். வினோஜா இதை வாசித்துத்தான் முடிவெடுக்கப்போகிறாள் என்பது நினைவிருக்கட்டும். மறைத்தால் அவளை ஊசியின் பக்கம் நான் தள்ளுகிறேன். எழுதினால் கத்தியின் பக்கம் தள்ளுகிறேன். டொக்டர் சொன்னார், அதனால் இருக்கட்டும்: மிக அரிதாகப் பார்வை போகலாம்.

பிறகு அவர் விளக்கைச் சாய்த்து அவளுடைய முகத்தைப் பார்த்தார். இரண்டு கன்னங்களிலும் கடுகளவு புள்ளிகள்.

"இது என்ன?"

"வேல் குத்தினது. அம்மன் கோயில் மாசி மகத் தேருக்கு. ரெண்டு தடவ குத்தியிருக்கேன்."

"இனியும் குத்துவீங்களா?"

"வருசா வருசம்."

டொக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "இத வச்சபிறகு அது முடியாது தங்கச்சி."

"ஒரு வருசம் விட்டுட்டுக் குத்தினா?"

"எப்பவுமே முடியாது. வேல் வெளியிலருந்து வாய்க்குள்ள போகுது, வாயிலருந்து வெளியில வருது. கிருமிக்கு நீங்களே கதவு திறந்து குடுக்கிறீங்க."

4

ஒரு நேர்த்திக்கடனை முடித்துவிட்டுச் சத்திரசிகிச்சை செய்யலாமே என்று நீங்கள் கேட்பதற்குமுன் சொல்லிவிடுகிறேன். இது முடிகிற நேர்த்தி அல்ல.

சித்தியைக் கண்டி வைத்தியசாலையில் அனுமதித்திருந்தபோது, இனி எங்கள் கையில் இல்லை என்று வைத்தியர்கள் சொன்ன அன்று, வினோஜா அம்மனிடம் நேர்ந்துகொண்டாள். சித்தி பிழைத்துவிட்டாள். என்ன நேர்ந்துகொண்டாள் என்பதை அந்தப் பஸ்ஸில்தான் முழுதாகச் சொன்னாள்.

"மூணு வருசம்னு நேந்திருக்கலாமேடி. எல்லாரும் அப்படித்தானே செய்வாங்க?"

"நெனச்சேன். மூணுன்னு சொன்னா அம்மாவுக்கு மூணு வருசந்தான் கெடைக்குமோன்னு பயமா இருந்திச்சி. அதான், அம்மா உசுரோட இருக்கிற வரைக்கும் வருசா வருசம் கன்னத்துல வேல் குத்துறேன்னு சொல்லிட்டேன்."

[ஆகவே வினோஜாவின் கன்னத்துக்கு விடுதலை கிடைக்கும் நாள், சித்தி—]

இந்த வாக்கியத்தை நான் முடிக்கப்போவதில்லை. பஸ்ஸில் நாங்கள் இருவருமே அதை மனதுக்குள் முடித்துவிட்டோம். அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். நான் செருப்பைப் பார்த்தேன். அதன்பிறகுதான் அவள், நீ இத எழுது என்றாள்.

எனக்கு அம்மன்மேல் நம்பிக்கை இல்லை. பயம் உண்டு. இரண்டும் ஒன்றல்ல என்பதை மாத்தளையில் பிறந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

5

ராசையா மாமாவை இந்தக் கதையில் வைத்திருப்பதா என்பதில் எனக்குச் சந்தேகம். அவர் வந்தால் சிரிப்பு வரும், பயம் குறைந்துவிடும். ஆனால் வினோஜாவுக்கு இரண்டு தடவையும் வேல் குத்தியவர் அவர்தான். வேறிடத்தில் குத்தலாமா என்று கேட்கத்தான் அவரிடம் போனோம்.

"மாமா, கன்னத்துக்குப் பதிலா கையில குத்திக்கலாமா?"

"நீ சாரி விக்கிறவதானே? வித்ததத் திருப்பிக் கொண்டாந்தா மாத்திக் குடுப்பியா?"

"ஒரு கிழமைக்குள்ள கொண்டாந்தா குடுப்பேன் மாமா."

"அம்மன்கிட்ட அந்தக் கதையெல்லாம் இல்ல." வெற்றிலையைத் துப்பிவிட்டு அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். "உள்ள என்னாத்தையோ வைக்கப்போறதா சொல்றாங்களே, என்னாடி அது, இரும்பா?"

"சிலிக்கோன்."

"அவ்ளோதானா! இதுக்கா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? அது மேல இருக்கும், வேல் கீழ போவும். எங்கையில சுத்தம் இருக்கு. படாம குத்துவேன். பட்டாத்தான் என்னா? றப்பர்தானே, போயிரும்."

அவர் சிரித்தார். வினோஜா இரண்டு கையாலும் கன்னத்தைப் பொத்திக்கொண்டாள். இரண்டு வருடமும் கண்ணிமைக்காமல் அவருக்கு முகத்தைக் காட்டி நின்றவள். டொக்டர் சொன்ன எல்லா ஆபத்துகளையும்விட அந்தச் சிரிப்புத்தான் அவளை உலுக்கியது. ஆகவே அவர் இருக்கட்டும்.

வீட்டுக்கு வந்து சித்தியிடம் எல்லாவற்றையும் சொன்னோம். சித்தி ஒரு சாரியை மடித்து முடித்தாள்.

"செய்யாதன்னு நான் சொல்லலையே."

"ஆனா?"

"ஆனா என்னா? நீ நேந்தது எனக்காக. விட்டா வர்றது எனக்குத்தான். அதையும் நான் சொல்லல."

"இப்ப சொல்லிட்டீங்களே அம்மா."

"வாய் தவறிருச்சி" என்று சித்தி அடுத்த சாரியை எடுத்தாள்.

6

முடிவுகள்.

முதலாவது. வினோஜா சத்திரசிகிச்சை செய்துகொள்கிறாள். கன்னம் வீங்குகிறது, வீக்கம் வற்றவில்லை, காய்ச்சல், சீழ். இதை ஒரே மூச்சில் எழுதினேன். மறுநாள் வாசித்தபோது வெட்கமாக இருந்தது. ஒரு பெண் தன் முகத்துக்காக எதையாவது செய்தால் கதை அவளைத் தண்டித்துவிடுகிறது. தண்டனை எழுதுவது சுலபம். டொக்டர் அப்படிச் சொல்லவில்லை. அப்படி நடக்கலாம் என்றுதான் சொன்னார்.

இரண்டாவது. செய்துகொள்கிறாள், நன்றாக ஆறிவிடுகிறது. இரண்டு கன்னமும் ஏறக்குறைய ஒன்றாகின்றன. லைவில் சித்தி ஒரு கொமெண்டையும் விடாமல் வாசிக்கிறாள். அந்த வருடத் தேர் போகிறது, வினோஜா வாசலிலேயே நின்று கும்பிடுகிறாள். அதற்குப் பிறகு ஒருநாள் சித்தியின் இருதயம் நின்றுவிடுகிறது. எப்படியும் நின்றிருக்கக்கூடிய இருதயம். ஆனால் அதை யார் வினோஜாவுக்குச் சொல்வது? சொன்னால் யார் நம்புவது? இதை வினோஜாவிடம் வாயால் சொன்னேன். "அத எழுதாத" என்றாள். "எழுதினா நடந்துரும்."

நடுவில் ஒரு தந்திர முடிவும் வைத்திருந்தேன். ஒவ்வொரு தேரும் முடிந்து புண் நன்றாக ஆறியபின் பில்லர். அடுத்த தேர் வருவதற்குள் அது கரைந்துவிடும், பிறகு வேல், பிறகு மறுபடி ஊசி. அம்மனுக்கும் சரி, கெமராவுக்கும் சரி. எனக்கே பெருமையாக இருந்தது.

"வருசத்துக்கொரு மூஞ்சியாண்ணே?" என்றாள் வினோஜா. "பழைய கஸ்டமர் கேட்டா என்னா சொல்றது, ஸ்டொக் மாறிருச்சின்னா? கண்ணு போயிட்டா அப்புறம் சாரி கலர யாரு பாக்கிறது, நீயா? நீ மஞ்சளையும் ஒரேஞ்சையும் ஒன்னும்பியே."

மூன்றாவது. இதைத்தான் கடைசியில் எழுதி அவளுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினேன்:

[வினோஜா காத்திருக்கிறாள். ஒவ்வொரு மாசியிலும் வேல் குத்திக்கொள்கிறாள். படியேறும்போது அம்மாவுக்கு மூச்சு வாங்கினால் ஓடிப்போய்த் தண்ணீர் கொடுக்கிறாள். கொடுத்துவிட்டு வந்து கண்ணாடிமுன் நின்று இடது கன்னத்தைத் தொட்டுப் பார்க்கிறாள். தொட்ட கையை உடனே எடுத்துவிடுகிறாள்.]

அனுப்பியபின்தான் புரிந்தது. மூன்றில் இதுதான் மிகப் பயங்கரமானது. இதில் கத்தி இல்லை, ஊசி இல்லை, யாரும் சாகவில்லை. ஒரு மகள் தன் தாயின் மூச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். எதற்காகக் கேட்கிறாள் என்பது அவளுக்கே நிச்சயமில்லை.

7

வாசித்துவிட்டாள் என்று போன் காட்டியது. பதில் இல்லை. சிறிது நேரம் கழித்து அதே இலக்கத்திலிருந்து அழைப்பு.

"தம்பி, நான் சித்தி பேசுறேன்."

"வினோ எங்க சித்தி?"

"குளிக்கிறா. நீ அனுப்பினத நான் வாசிச்சேன்."

நான் போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"நல்லாத்தான் எழுதியிருக்க. மூச்சு வாங்குறதெல்லாம் அப்படியே இருக்கு."

"அது சும்மா கதை சித்தி."

"அவ அப்படி நெனைக்கலையே. நீ எழுதுறபடிதான் செய்வேன்னு எங்கிட்டயும் சொல்லிட்டா." மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது. "ஒரு விசயத்த மட்டும் விட்டுட்ட தம்பி. இதுல நான் எத்தன வருசம் இருக்கேன்?"

"சித்தி—"

"கோவமில்ல, கேக்கிறேன். போட்டாத்தானே அவளுக்கும் ஒரு இது தெரியும். பத்துன்னு போட்டா அவளுக்கு நாப்பத்தொன்னு ஆயிரும். அதுக்கப்புறம் இதெல்லாம் செஞ்சி யாருக்கிட்டக் காட்டுறது? பாவம். நீ ரெண்டுன்னு போட்டுரு."

குளியலறைத் தண்ணீர்ச் சத்தம் நின்றது எனக்கும் கேட்டது. சித்தி குரலைத் தாழ்த்தினாள்.

"இல்ல தம்பி. ரெண்டு வேணாம்."

அழைப்பு துண்டிக்கப்பட்டது.

அதன்பிறகு நான் எழுதிய ஒரே வாக்கியம் இது:

*சித்தி இன்னும் ________ வருடங்கள் இருந்தாள்.*

கோட்டின்மேல் நான் எதையும் எழுதப்போவதில்லை. நீங்கள் எழுதலாம். சிறிய எண்ணை எழுதினால் அது யாருக்கு, பெரிய எண்ணை எழுதினால் யாருக்கு என்பது இப்போது உங்களுக்குத் தெரியும். பென்சிலால் எழுதுங்கள். வினோஜா வாசிப்பாள். சித்தி அவளுக்கு முன்பே வாசித்துவிடுவாள்.