கம்பளிக்குள் மறைந்த கோடு

லைல் பெர்க்விஸ்டுக்குக் காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. மூன்று மணிக்குக் கீழ் வீட்டு மிஸஸ் டெர்காச் மாடியேறி வந்து, மீன் தொட்டியின் பிளக்கைத் தன் கையாலேயே பிடுங்கிப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தாள். அவள் சமையலறைக் கூரையில் ஒரு சொட்டு இறங்கினாலும் மீன் வெளியே போக வேண்டும். அதற்கு மேல் பேச்சில்லை.

அவளைக் குறை சொல்லவும் முடியாது. வீடு அவளுடையது. நவம்பரில் இவனுடைய பழைய ஃபில்டரின் குழாய் கழன்று, கால் தொட்டித் தண்ணீர் தரை வழியாக இறங்கி, சர்ச்சில் ஐம்பது பேருக்குப் பெரோகி என்ற கிழங்குக் கொழுக்கட்டை செய்ய அவள் பிசைந்து வைத்திருந்த மாவில் கொட்டியது. அன்று அவள் கத்தவில்லை. அதுதான் லைலைப் பயமுறுத்தியது.

மீனின் பெயர் மேயர். ஆஸ்கார் இனம், பதினோரு வயது, சாப்பாட்டுத் தட்டு அளவு. அவ்வளவு பெரிய மீனை வின்னிபெக் நகரத்தில் எந்தக் கடைக்காரன் எடுத்துக்கொள்வான்? டிசம்பரில் ரயில் பட்டறையில் ஆள்குறைப்பு நடந்து வேலை போனதிலிருந்து, லைல் எழுந்து வந்தால் கண்ணாடியோரம் ஓடி வந்து பார்க்கிற ஜீவன் அது ஒன்றுதான். அதையும் அனுப்பிவிட்டு அந்த வீட்டில் தனியாக உட்கார்ந்திருக்க அவனால் ஆகாது.

அதனால் கட்டினான். மேசைக்கடியில் இன்னொரு கண்ணாடித் தொட்டி, அதுதான் சம்ப். மேல் தொட்டியில் துளை போட்டால் நொறுங்கிவிடுமோ என்று பயந்து, பிவிசி குழாயை விளிம்பின்மேல் வளைத்து இறக்கினான். மேலே கூடுகிற தண்ணீர் அதன் வழியாகத் தானே கீழே வழியும். பஞ்சையும் பாத்திரம் தேய்க்கும் பிளாஸ்டிக் நார்களையும் தாண்டிச் சுத்தமாகும். பம்ப் இன்னொரு குழாய் வழியாக அதை மேலே தள்ளும். அந்த பம்ப் குழாயின் வாய் மேல் தொட்டியில் நான்கு விரல் ஆழத்தில் இருந்தது. பம்ப் நின்றால் அந்த நான்கு விரல் தண்ணீரும் கீழே திரும்பும். அதற்கு இடம் விட்டு, சம்ப் கண்ணாடியில் கறுப்பு மார்க்கரால் கோடு போட்டு, 'இதைத் தாண்டாதே' என்று எழுதியும் வைத்தான். ஒன்பது தடவை பிளக்கைப் பிடுங்கிச் சோதித்தான். ஒன்பது தடவையும் சம்ப் விளிம்புக்கு இரண்டு விரல் கீழேயே தண்ணீர் நின்றது.

அதோடு கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். உட்கார்ந்தானா? பம்ப் உறுமுவது கீழே கேட்டுத் தொலைக்குமோ என்று நேற்று சம்ப்பைச் சுற்றி ஒரு பழைய கம்பளியை வரிந்து கட்டினான். கோடு கம்பளிக்குள் போனது. பிறகு குட்டி போட்ட பூனை மாதிரி அறைக்கும் சமையலறைக்கும் நடந்தான். ஹீட்டர் காற்று வீட்டையே வறட்டுகிறதே, தண்ணீர் குறையுமே, பம்ப் காற்றை உறிஞ்சுமே என்று மனசு அடித்துக்கொண்டது. போகும்போது ஒரு ஜக், வரும்போது அரை ஜக், மேசைக்கடி இருட்டில் ஊற்றினான். ஊற்றினால் பத்து நிமிஷம் நிம்மதி. எத்தனை ஜக் ஊற்றினான் என்று கேட்டால் அவனுக்கே தெரியாது.

மூன்று அடிக்கும்போது மிஸஸ் டெர்காச் உள்ளே வந்தாள்.

"ஏம்ப்பா, தொட்டிக்கு ஸ்வெட்டர் மாட்டி விட்டிருக்க? வாக்கிங் கூட்டிட்டுப் போறியா?"

"சத்தம் வரக் கூடாதுன்னுதான், மிஸஸ் டெர்காச்."

"சத்தத்தைப் பத்தி நான் எப்பப்பா பேசினேன்? தண்ணியைப் பத்தில்ல பேசினேன்."

பிளக்கைப் பிடுங்கினாள். பம்ப் அடங்கியது. தண்ணீர் கீழே இறங்கியது.

"இப்ப நின்னுரும் பாருங்க," என்றான் லைல்.

நிற்கவில்லை. கம்பளியின் மேல் ஓரம் நனைந்து கறுத்தது, பிறகு பாதி, பிறகு தரையில் சொட்டியது. லைல் அவள் கையிலிருந்த பிளக்கைப் பறித்து மாட்டப் பாய்ந்தான்.

"சாகப் போறியா?" அவன் கையில் பட்டென்று ஒன்று வைத்தாள். "பிளக் பலகை நனையுது. தொடாதே."

அவள் ஸ்வெட்டர் கையைச் சுருட்டினாள். மேல் தொட்டிக்குள் கையை விட்டு, பம்ப் குழாயின் வாயைத் தண்ணீருக்கு வெளியே தூக்கினாள். குழாய் காற்றை இழுத்துக் களக்கென்றது. அத்தோடு எல்லாம் நின்றது. மேயர் வந்து அவள் விரலை ஒருமுறை கவ்விப் பார்த்துவிட்டுப் போனான்.

"முப்பது வருஷமா பீப்பாயிலேர்ந்து குழாய் போட்டு செர்ரி ஒயின் இறக்குறவ நான். வாயைத் தூக்கினா நின்னுரும், இது தெரியாதா?"

தெரியும். லைலுக்கு நன்றாகவே தெரியும். அந்த நேரத்துக்கு நினைவு வரவில்லை. லைல் மெயின் சுவிட்சை அணைத்து, இருந்த துண்டையெல்லாம் தரையில் போட்டு, கம்பளியை அவிழ்த்தான். கோடு தண்ணீருக்கடியில் எங்கேயோ கிடந்தது, பக்கத்திலேயே ஜக்கும் இருந்தது.

"இது யார் எழுத்து?"

"என்னுதுதான்."

"யாருக்கு எழுதி வச்ச?"

லைல் குனிந்து கம்பளியைப் பிழிந்தான்.

"சரி, கீழ வா."

அவள் சமையலறைக் கூரையில் நவம்பர்க் கறை இன்னும் இருந்தது. அதைச் சுற்றி பென்சிலால் வளைத்து, தேதியும் போட்டிருந்தாள். இருவரும் நாற்காலியில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தார்கள். லைலின் முழங்கால் தன்பாட்டுக்கு ஆடியது. மேயரை வாளியில் தூக்கிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்குவதை நினைத்துப் பார்த்தான்.

"காலை ஆட்டாதே. மேசையே ஆடுது." அவள் ஒரு உருளைக்கிழங்குக் கூடையையும் கத்தியையும் அவன் முன்னால் தள்ளினாள். "சும்மாதானே இருக்க, உரி."

உரித்தான். கூரையை ஒரு பார்வை, கிழங்கை ஒரு பார்வை. முதல் பத்து கிழங்கில் தோலோடு பாதிக் கிழங்கும் போனது. பிறகு தோல் மட்டும் போனது. கூடை காலியானபோது அரை மணிக்கு மேல் ஆகியிருந்தது. மிஸஸ் டெர்காச் ஸ்டூலில் ஏறி, கறையைத் தடவிப் பார்த்தாள். காய்ந்தே இருந்தது. பென்சில் கோட்டைத் தாண்டி ஒன்றும் வரவில்லை.

"மீன் இருக்கட்டும்," என்றாள், இறங்கிக்கொண்டே.

லைலுக்கு மூச்சு வந்தது. நன்றி சொல்ல வாயெடுத்தான்.

"இரு, நான் முடிக்கல. அந்த ஜக்கை எடுத்துட்டு வந்து என்கிட்ட குடு. தினம் காலையில ஒன்பது மணிக்கு நான் வந்து ஊத்துவேன், அந்தக் கோடு வரைக்கும். அது முடிஞ்சதும் நீ இங்க வந்து உக்காரு. ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்கு நூறு பேருக்குக் கிழங்கு உரிக்கணும்."

"எனக்கு பெரோகி செய்யத் தெரியாதே, மிஸஸ் டெர்காச்."

"தெரிய வேணாம். உன் கை சும்மா இருந்தா என் கூரைக்கு ஆபத்து."

லைல் மாடிக்குப் போனான். மேயர் கண்ணாடியோரம் வந்து அவனைப் பார்த்தான். சம்ப் பக்கம் திரும்பாமல், ஜக்கை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினான்.